தீர்ப்புக்கு முன்பே தண்டனையா?

சில மாதங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை. மத்திய சிறை ஒன்றின் வாசலில் கைதியைப் பார்க்க மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். பக்கத்தில் ஒரு தாய். வயது ஐம்பத்தைந்து இருக்கலாம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் பிஸ்கட் பாக்கெட்டும் இரண்டு கைலியும். நம் தாடியையும் தொப்பியையும் பார்த்துவிட்டு மெல்ல அருகில் வந்தார்.

"ஹஜ்ரத், எம் புள்ளைக்கு எத்தனை வருஷம் போட்டிருக்காங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்!"

அவர் வைத்திருந்த காகிதங்களை வாங்கிப் பார்த்தோம். பையன் குடோன் ஒன்றில் மூட்டை தூக்கியவன். திருட்டு வழக்கு. விசாரணையே தொடங்கவில்லை. "உம்மா, தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. கேஸ் இன்னும் நடக்கவே இல்லை" என்றோம்.

"அப்ப எதுக்கு உள்ள வச்சிருக்காங்க?"

சகோதரர்களே! மதரஸாவில் ஏழாண்டு ஓதியவனுக்கும், இருபது ஆண்டுகள் மேடையில் பேசியவனுக்கும் அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. காகிதத்தை மீண்டும் புரட்டினோம். அடுத்த அதிர்ச்சி காத்திருந்தது. அந்தப் பையனுக்குக் கோர்ட்டு ஜாமீன் கொடுத்து எழுபது நாட்கள் ஆகியிருந்தன! கையெழுத்துப் போட இரண்டு ஜாமீன்தாரர்கள் கிடைக்கவில்லை. அதனால் உள்ளேயே கிடக்கிறான்.

அந்தத் தாய் கேட்ட கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் நாட்டின் முன் வைக்கிறோம். தீர்ப்புக்குப் பிறகு வரவேண்டிய தண்டனை, தீர்ப்புக்கு முன்பே வருவது எந்த நியாயம்?

யூசுஃப் நபி கேட்ட விசாரணை

பொய்க் குற்றச்சாட்டில் சிறை சென்றவர்களைப் பற்றிப் பேசும்போது நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் நபி யூசுஃப் (அலை) அவர்கள். அவர்களின் வழக்கில் சாட்சியம் இருந்தது. சட்டை முன்புறம் கிழிந்திருக்கிறதா, பின்புறம் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். பின்புறம்தான் கிழிந்திருந்தது. அவர் குற்றமற்றவர் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் பல ஆண்டுகள் சிறை!

பின்னர் அரசனின் தூதர் வந்து அழைத்தபோது, கதவு திறந்ததே என்று அவர்கள் ஓடி வந்துவிடவில்லை. முதலில் அந்தப் பெண்களின் விவகாரத்தை விசாரிக்கச் சொல்லுங்கள் என்றார்கள். தயவால் கிடைக்கும் விடுதலையை அவர்கள் ஏற்கவில்லை. விசாரணையைக் கேட்டார்கள், விசாரணையால் கிடைக்கும் விடுதலையைக் கேட்டார்கள்.

நாமும் யாரிடமும் தயவு கேட்கவில்லை. குற்றம் செய்தவனை விட்டுவிடுங்கள் என்றும் கேட்கவில்லை. விசாரியுங்கள், விரைந்து விசாரியுங்கள், விசாரித்து முடிக்கும் முன் தண்டிக்காதீர்கள் என்கிறோம்.

நான்கில் மூன்று பேர்

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் அரசின் நிறுவனம். அது வெளியிட்ட 2022ஆம் ஆண்டின் சிறைப் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75 பேருக்கும் மேல்! சிறை என்பது தண்டனை பெற்றவர்களுக்கான இடம் என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மையில் அது தீர்ப்புக்காகக் காத்திருப்பவர்களின் இடமாகிவிட்டது.

யார் இவர்கள்? தலித்துகள், பழங்குடியினர், முஸ்லிம்கள் ஆகியோரின் பங்கு அவர்களின் மக்கள்தொகைப் பங்கைவிடச் சிறையில் அதிகம் என்பதை அதே அரசுப் புள்ளிவிவரம் காட்டுகிறது. இது ஒரு சமுதாயத்தின் துயரம் மட்டுமல்ல. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத, ஜாமீன்தாரருக்குச் சொத்தில்லாத எல்லா ஏழைகளின் துயரம்.

இது இன்று நேற்றுத் தொடங்கியதும் அல்ல. 1978இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோத்திராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவருக்கு ஜாமீன் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்கனவே சொல்லிவிட்டது. கீழ்க்கோர்ட்டோ 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. 1978இல் ஒரு கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய்! அண்ணன் தம்பி முறையில் ஜாமீன் நிற்க வந்தவரையும், அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைக் கடுமையாகக் கண்டித்துத் தொகையைக் குறைத்தார்.

அடுத்த ஆண்டு, 1979இல், ஹுசைனாரா காத்தூன் வழக்கு. பீகார் சிறைகளில் இருந்தவர்களில் பலர், குற்றம் நிரூபணமாகி இருந்தால்கூட எத்தனை காலம் தண்டனை கிடைக்குமோ, அதைவிட அதிக காலம் விசாரணையே இல்லாமல் அடைபட்டுக் கிடந்தது தெரிய வந்தது. விரைவான விசாரணை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிபதி பி.என். பகவதி தீர்ப்பளித்தார்.

தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. சிறை வாசலில் அந்தத் தாய் இன்னும் நிற்கிறார்.

தடாவிலிருந்து யு.ஏ.பி.ஏ. வரை

சாதாரண வழக்கின் நிலை இது. சிறப்புச் சட்டங்களின் கதையோ இதைவிடக் கொடியது.

தடாவில் எழுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 1995இல் அந்தச் சட்டம் காலாவதியானது. 2002இல் பொடா வந்தது, 2004இல் போனது. ஆனால் 2008இல் யு.ஏ.பி.ஏ. சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். போலீஸ் தரப்புக் காகிதங்களைப் பார்த்த அளவில் குற்றச்சாட்டு உண்மை போலத் தோன்றினால் ஜாமீன் கிடையாது என்றார்கள். குறுக்கு விசாரணை நடக்கும் முன்பே, ஒரு தரப்புக் காகிதத்தை வைத்து ஒருவனின் பல ஆண்டுகள் முடிவு செய்யப்படுகின்றன!

நம் தமிழகத்து அனுபவத்தையே பாருங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்கும் 1998 ஜனவரியில் தடா கோர்ட்டு மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. 58 உயிர்களைப் பலி கொண்ட 1998 கோவை குண்டு வெடிப்பு மன்னிக்க முடியாத கொடுமை. அதைச் சொல்ல நாம் ஒருபோதும் தயங்கியதில்லை. அந்த வழக்கில் கைதான கேரளத் தலைவர் அப்துல் நாசர் மதனி, 2007 ஆகஸ்ட் 1 அன்று குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். உள்ளே இருந்தது ஒன்பது ஆண்டுகளுக்கு மேல்! அந்த ஆண்டுகளைத் திருப்பிக் கொடுத்தவர் யார்?

2002இல் குஜராத்தின் அக்ஷர்தாம் கோயிலில் நடந்த தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்ட ஆறு பேரையும் 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவர்களில் மூவர் தூக்குக் கயிற்றுக்குக் காத்திருந்தவர்கள்! பிறகு நஷ்டஈடு கேட்டுப் போனார்கள். கிடைக்கவில்லை.

ஒரு வெளிச்சமும் உண்டு. கே.ஏ. நஜீப் வழக்கில் 2021 பிப்ரவரி 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அளித்த தீர்ப்பு அது. கேரளத்தில் ஒரு பேராசிரியரின் கையை வெட்டிய வழக்கு. அந்தச் செயல் இஸ்லாத்தின் பெயரால் செய்யப்பட்ட அக்கிரமம். அதைக் கண்டிக்காதவன் நீதியைப் பற்றிப் பேசத் தகுதியற்றவன். ஆனால் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் ஐந்தாண்டுகளுக்கு மேல் சிறையில் இருக்கிறார், இன்னும் 276 சாட்சிகள் விசாரிக்கப்பட வேண்டும் என்ற நிலையில் நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: வழக்கு விரைவில் முடிய வழியில்லை என்றால், யு.ஏ.பி.ஏ.வின் தடை அரசியல் சட்ட நீதிமன்றங்களைக் கட்டிப் போடாது. குற்றம் எவ்வளவு கொடியதானாலும் விசாரணைக்கு ஓர் எல்லை உண்டு என்பதே இதன் பொருள்.

பலியானவர்களுக்கும் நீதி இல்லை

"தாமதத்தால் லாபம் அடைவது குற்றவாளிதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் பத்தே நாட்கள் இதற்குப் பதில் சொல்கின்றன.

ஜூலை 21. மும்பை ரயில்களில் 2006இல் 180க்கும் மேற்பட்டோரைக் கொன்ற குண்டு வெடிப்பு வழக்கில், தண்டிக்கப்பட்டிருந்த 12 பேரையும் மும்பை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அவர்களில் ஐவருக்குக் கீழ்க்கோர்ட்டு மரண தண்டனை விதித்திருந்தது. அந்த ஐவரில் ஒருவர் 2021இலேயே சிறையில் இறந்துவிட்டார். மையித்துக்குப் பிறகு வந்த விடுதலை! அரசு மேல்முறையீடு செய்தது. விடுதலையானவர்களை மீண்டும் சிறைக்கு அனுப்ப வேண்டியதில்லை, ஆனால் அந்தத் தீர்ப்பைப் பிற வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஜூலை 31. 2008இல் மாலேகானில் ஆறு பேரைக் கொன்ற குண்டு வெடிப்பு வழக்கில் பிரக்யா சிங் தாக்கூர், புரோகித் உள்ளிட்ட ஏழு பேரும் விடுதலை. முப்பதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ் சாட்சிகளானார்கள்.

முதல் தீர்ப்பு வந்தபோது நம்மில் சிலர் மகிழ்ந்தார்கள். இரண்டாவது வந்தபோது கொதித்தார்கள். சகோதரர்களே, நிதானமாகச் சிந்தியுங்கள். பிரக்யா சிங்கும் புரோகித்தும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் விசாரணைக் கைதிகளாக இருந்தவர்கள். அவர்களின் அரசியல் நமக்கு எதிரானதாக இருக்கலாம். ஆனாலும் தீர்ப்பில்லாத ஒன்பதாண்டுச் சிறை தவறு என்றால், அது அவர்களுக்கும் தவறுதான். ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து வழுவச் செய்துவிடக் கூடாது என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை அல்லவா?

இரண்டு வழக்கிலும் பலியானவர்களின் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். பத்தொன்பது ஆண்டுகள், பதினேழு ஆண்டுகள் காத்திருந்துவிட்டு, "அப்படியானால் கொன்றது யார்?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். காலம் கடந்தால் சாட்சி மறப்பான், மாறுவான், மாண்டு போவான். தாமதம் நிரபராதியை உள்ளே வைக்கிறது. குற்றவாளியை வெளியே விடுகிறது. இரண்டு அநியாயமும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன.

வியாபாரிகளே, இது உங்கள் பிரச்சினை!

"நாம் உண்டு, நம் கடை உண்டு" என்று இருக்கும் வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஜூன் 19. சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஒரு செல்போன் கடை வியாபாரியின் தந்தையைப் பிடித்தார்கள். தேடிப் போன மகனையும் பிடித்தார்கள். காவல் நிலையத்தில் சித்திரவதை. பிறகு ரிமாண்ட். சிறையில் அடைக்கப்பட்ட இருவரும் ஜூன் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். போலீசார் மீது சி.பி.ஐ. கொலை வழக்குத் தொடர்ந்தது.

அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். தீவிரவாத வழக்கும் அல்ல. உங்களைப் போல் ஷட்டரைத் திறந்து மூடிப் பிழைத்தவர்கள். ரிமாண்ட் செய்யும்போது அவர்களை அருகில் அழைத்து, உடம்பைப் பார்த்து, "அடித்தார்களா?" என்று முறையாக விசாரித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நீதி விசாரணையின் முதல் படி அந்த ரிமாண்ட் நேரம்தான். அது வெறும் ரப்பர் ஸ்டாம்பாக மாறினால் அடுத்து வரும் எல்லாமே கோணல்தான்.

புதிய சட்டம்: பாதிக் கதவு

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொள்வது நம் கடமை.

அதன் 479ஆவது பிரிவு முக்கியமானது. அதிகபட்ச தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்ட விசாரணைக் கைதியை ஜாமீனில் விட வேண்டும் என்பது முன்பே இருந்த விதி. இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்குக் காலமே போதும் என்று இப்போது மாற்றியிருக்கிறார்கள். கோர்ட்டுக்கு இதை எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் பொறுப்பு. 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேடுதல் சோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்பதும், வாதம் முடிந்தால் 30 நாளில், தவறினால் 45 நாளில் தீர்ப்பு என்பதும் வரவேற்க வேண்டியவை.

ஆனால் அதே 479இல் ஒரு பூட்டும் இருக்கிறது. ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றமானால் இந்தச் சலுகை இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களோ வழக்குகளோ நிலுவையில் இருந்தாலும் இல்லை. ஒரே ஒரு பிரிவை மட்டும் போட்ட எஃப்.ஐ.ஆரை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிப்பது இதுதான்! முன்பு போலீஸ் காவல் என்பது முதல் 15 நாட்களோடு முடிந்தது. இப்போது அந்த 15 நாளையும் துண்டு துண்டாக, குற்றத்துக்கு ஏற்ப முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஜாமீன் மனு போடும்போதெல்லாம் "இன்னும் போலீஸ் காவல் பாக்கி இருக்கிறது" என்று சொல்ல இது வழி செய்கிறது.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: 479இல் உள்ள பூட்டை அகற்ற வேண்டும். கூடுதல் பிரிவு சேர்த்தாலே ஜாமீன் இல்லை என்ற நிலை ஒழிய வேண்டும்.

இரண்டு: ஜாமீன் நிபந்தனை, குற்றம் சாட்டப்பட்டவரின் சக்திக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதம் வெளியே வர முடியாதவரின் நிபந்தனைகளைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. இதை எல்லா கோர்ட்டுகளும் தாமாகவே செய்ய வேண்டும்.

மூன்று: யு.ஏ.பி.ஏ. போன்ற சட்டங்களில் விசாரணைக்குக் காலக்கெடு வேண்டும். கெடு தாண்டினால் ஜாமீன் உரிமையாக வேண்டும். உச்ச நீதிமன்றம் வரை போகக்கூடிய வசதி உள்ளவருக்குக் கிடைக்கும் அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது.

நான்கு: நீதிபதிகள் வேண்டும். பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் என்று சட்ட ஆணையம் 1987இல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவே போட்டது. அதில் பாதியைக்கூட இன்னும் எட்டவில்லை. நீதிபதி இல்லாமல் காலக்கெடு போடுவது, டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரிக்குப் பெயிண்ட் அடிப்பது போன்றது.

ஐந்து: பொய் வழக்கில் வாழ்க்கையை இழந்தவர்களுக்கு நஷ்டஈடு. சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆவது அறிக்கையில் இதற்காகக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் திருத்தமே பரிந்துரைத்தது. புதிய சட்டம் எழுதியவர்கள் அந்த அறிக்கையைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

நம் முற்றத்தைப் பார்ப்போம்

அரசைக் கேட்பது சுலபம். இப்போது நம்மைக் கேட்போம்.

கண்டன ஆர்ப்பாட்டம் என்றால் ஐந்நூறு பேர் கூடுகிறோம். வாய்தா நாளில் கோர்ட்டு வாசலுக்கு ஐந்து பேர் போகிறோமா? ஒரு பையன் கைதானான் என்று பத்திரிகையில் படம் வந்த அன்றே அவன் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடுகிறோம். அவன் தங்கைக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குகிறார்கள். வேலை கொடுத்த முதலாளி, "அவனை எனக்குத் தெரியாது" என்கிறார். தீர்ப்புக்கு முன்பே தண்டிப்பது அரசு மட்டும்தானா? நாமும்தானே! வாய்தா வாங்கி வாங்கியே வழக்கை இழுப்பதில் நம் தரப்பு வக்கீல்களும் சளைத்தவர்கள் அல்லர். அதையும் கேட்க வேண்டும்.

அந்தத் தாயின் மகன் விஷயத்துக்கு வருவோம். அவன் மூட்டை தூக்கிய குடோன்காரர் ஐவேளைத் தொழுகையாளி, ஜமாஅத்தில் மரியாதை உள்ளவர். ஜாமீன்தாரராக வரச் சொல்லிக் கேட்டபோது, "கோர்ட்டு, கேஸ் எல்லாம் நமக்கு எதுக்கு ஹஜ்ரத்?" என்று ஒதுங்கிவிட்டார். கடைசியில் கையெழுத்துப் போட வந்தவர்கள் ஒரு டீக்கடைக்காரரும், அவருடைய நண்பரான ஒரு இந்துச் சகோதரரும். பையன் வெளியே வந்தான். அவன் குற்றவாளியா, இல்லையா என்பதை இனி கோர்ட்டு தீர்மானிக்கும். அதுதானே முறை?

எனவே ஒவ்வொரு ஜமாஅத்தும் செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. உங்கள் ஊரிலிருந்து சிறையில் இருப்பவர்கள் எத்தனை பேர், எந்தப் பிரிவு, எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு, பாதி என்ற கணக்கைப் பாருங்கள். காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். ஏழைக் கைதிகளின் ஜாமீன் தொகைக்கு உதவும் மத்திய அரசுத் திட்டம் 2023 முதல் இருக்கிறது. எத்தனை முத்தவல்லிகளுக்கு இது தெரியும்? சொத்து வரி ரசீதும் ரேஷன் கார்டும் வைத்திருக்கும் பத்து வியாபாரிகள் ஓர் ஊரில் ஜாமீன்தாரர்களாக நிற்க முன்வந்தால், அது மத வேறுபாடின்றி எல்லோருக்கும் கதவைத் திறக்கும்.

இளைஞர்களே! சமூக ஊடகத்தில் ஆவேசமாக எழுதுவதால் ஒரு வாய்தாகூட முன்னால் வராது. உங்களில் பத்துப் பேர் சட்டம் படியுங்கள். படித்து, கீழ்க்கோர்ட்டிலேயே நில்லுங்கள். ஏழையின் வழக்கு அங்கேதான் தோற்கிறது.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. அடுத்த முறை சிறை வாசலில் யாராவது அதைக் கேட்கும்போது, "வாங்க உம்மா, கோர்ட்டுக்குப் போவோம்" என்று சொல்லும் அளவுக்காவது நாம் தயாராக இருக்க வேண்டாமா?